இன்னொண்டு கேட்கிறவர்

‘முழுமையான விசாரணை நடத்தப்படும்’ என்று பேப்பரில் எங்கே வாசித்தாலும் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பின்னாலேயே ஒரு பயம் வரும். சிரிப்பு, எங்கள் பாடசாலை விளையாட்டுச் சங்கம் நடத்திய விசாரணைகளை நினைத்து. பயம், அந்தச் சங்கத்துக்காக உண்மையிலேயே விசாரித்த ஒரேயொரு மனிதரை நினைத்து.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்லூரி என்று பெயர்கொண்ட குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த எங்களுக்கு அவர் ‘இன்னொண்டு மாஸ்ரர்’. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சைக்கிள் பம் மாதிரி ஒல்லியான ஆள். கேள்வி கேட்பார். நாங்கள் பதில் சொல்லுவோம். "நல்லது" என்று தலையாட்டுவார். அப்பாடா என்று நாங்கள் மூச்சை விடுகிற நேரம் பார்த்து, "இன்னொண்டு கேக்கிறன்" என்பார். விட்ட மூச்சு பாதியில் நிற்கும்.

மற்ற விசாரணைகள் எப்படி நடக்கும் என்று சொல்லாவிட்டால் இவரின் அருமை விளங்காது. ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரிமேல் முறைப்பாடு கொடுக்கும்: வயது கூடிய பெடியனை இறக்கிவிட்டார்கள், வகுப்புக்கே வராதவனை இரவல் வாங்கி விளையாடுகிறார்கள், இப்படி. சங்கம் சிலரை அனுப்பும். அவர்கள் அதிபரின் அறையில் மின்விசிறிக்குக் கீழே இருப்பார்கள். றோல்ஸும் கட்லற்றும் வரும். றோல்ஸ் சூடாக இருந்தால் முறைப்பாட்டுக்கு ஆதாரமில்லை. ஆறியிருந்தால் ‘மேலும் விசாரிக்க வேண்டும்’. மேலும் விசாரிக்க வருகிறபோது சூடாக்கிக் கொடுத்துவிடுவோம். இந்த முறையினால் குடாநாட்டில் வெகுகாலம் ஒருவரும் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இன்னொண்டு மாஸ்ரர் விசாரிக்கப் போன இடத்தில் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டார். அதிலேயே அதிபர்மாருக்குப் பாதி உயிர் போய்விடும். சாப்பிடாத மனிதரை என்ன செய்வது?

ஒரு கல்லூரியில் நடந்தது இது. பெயர் வேண்டாம், திசையும் வேண்டாம். நான் இன்னும் அந்தப் பக்கத்து பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு முன்வரிசை ஆட்டக்காரனைக் கோடை விடுமுறைக்குக் கிட்டவாக எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பெயர் மட்டும் வகுப்பில், ஆள் மைதானத்தில். விசாரணைக்கென்று அவனுக்கு எல்லாம் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்கள். வகுப்பாசிரியர் ஆர், பக்கத்தில் இருக்கிறவன் ஆர், மின்விசிறி எந்தப் பக்கம், எல்லாம் கடகடவென்று சொன்னான்.

"நல்லது," என்றார் இவர். "இன்னொண்டு கேக்கிறன். மழைக்கு உங்கடை வகுப்பிலை எங்கை ஒழுகும்?"

பெடியன் கல்லூரியின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தான். "எங்கடை வகுப்பு ஒழுகாது சேர்."

அதிபரின் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்த வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. இரண்டு மாரி அங்கே இருந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், மூன்றாம் வரிசை வாங்குக்கு மேலே ஓடு இல்லை. கேட்ட எங்களுக்கும் சிரிப்புத்தான். பிறகு நான் வீட்டுக்குப் போய், எங்கள் பெடியன்களுக்கு எங்கள் கூரை ஒழுகுகிற இடம் தெரியுமா என்று யோசித்து நித்திரை கெட்டேன்.

வீட்டிலும் ஆள் இப்படித்தான் என்று கேள்வி. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புறோக்கர் வந்தாராம். பெடியன் நல்லவன் என்றாராம். நல்லது, இன்னொண்டு கேக்கிறன் என்று இவர் தொடங்க, புறோக்கர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டாராம். கடைசியில் மகள் தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனாள். விசாரணை முடிய முதல் விமானம் வெளிக்கிட்டுவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எல்லாம் பகிடி இல்லை. ஒருமுறை ஒரு ஓட்டக்காரனுக்கு வயது கூட என்று கண்டுபிடித்தார். மிகக் கொஞ்சம்தான் கூட. அந்தப் பெடியனைத் தடை செய்துவிட்டார்கள். தாய் ஒழுங்கையில் நின்று மண்ணை அள்ளி இவர்மேல் எறிந்து திட்டினாள். இவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, அவள் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டார். தலைமயிரெல்லாம் மண். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனார். நான் ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"பாவமாய் இருக்கேல்லையோ சேர்?"

"இருந்தது," என்றார். "ஆனால் அவனோடை ஓடித் தோத்த பெடியளுக்கும் தாய்மார் இருக்கினம். அவையள் மண் எறியேல்லை எண்டதுக்காக மறக்கலாமோ?"

அன்றிலிருந்து எனக்கு அவரில் மரியாதை வந்தது. பயம் முதலே இருந்தது.

அவரை நான் கிட்டவாக அறிந்தது, என் கழுத்துக்கே கயிறு வந்த வருடம். எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நான் பொறுப்பாசிரியர். எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. உதைக்கிறவனுக்குக் கரையில் நின்று புத்தி சொல்ல நன்றாகத் தெரியும். அந்த வருடம் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். வந்தது கோல் காக்கிற எங்கள் கோலியால். குருநகர்க் கரைப் பெடியன். இங்கே அவனை அன்ரன் என்று சொல்லுகிறேன். விடிய முதல் தகப்பனோடு வலை இழுத்துவிட்டு எட்டு மணிக்கு வகுப்பில் இருப்பான். பந்தைப் பிடித்தால் அது மீன் மாதிரி, பிறகு வெளியே வராது.

இறுதிப் போட்டிக்கு முதல் கிழமை எதிர்க் கல்லூரி முறைப்பாடு கொடுத்தது: கோலிக்கு வயது கூட. உண்மையானால் நாங்கள் போட்டியிலிருந்து வெளியே. அடுத்த வருடமும் தடை. அன்ரனுக்கு ஆயுளுக்கும் ‘கள்ள வயதுக்காரன்’ என்ற பெயர். விசாரிக்க ஆர் என்று கேட்டேன். சொன்னார்கள். நான் அன்று ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் மனைவியின் செருப்புமாகப் பள்ளிக்கூடம் போனேன்.

அதிபர் கூப்பிட்டார். "மாஸ்ரர், உவரை ஒரு மாதிரிச் சமாளியும்."

"அவர் சாப்பிடமாட்டார் சேர்."

"அப்ப உண்மையைத்தான் சொல்லவேணுமோ?" என்றார் அதிபர், மிகுந்த கவலையோடு.

உண்மை எனக்கே தெரியாது. அதுதான் பயம். அன்ரனின் பிறப்புப் பதிவு, அந்த வயதுப் பிள்ளைகள் பலருடையதைப் போல, இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய பிறகு காலம் பிந்திச் செய்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எதிர்க் கல்லூரியிடமோ ஒரு சாட்சி இருந்தார். அதே கரையில் சின்னக் கடை வைத்திருந்த நேர்மையான மனிதர். போருக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்த பெரிய இடப்பெயர்வின்போது, நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலில், அன்ரனின் தாயின் கையிலிருந்த குழந்தையைத் தானே கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு நடந்தவர். "அன்ரன் எண்டுதான் தாய் கூப்பிட்டவ. என்ரை தோளிலைதான் நித்திரை கொண்டவன்," என்று சங்கத்தில் கண்கலங்கிச் சொல்லியிருந்தார். அந்த வருடக் கணக்கின்படி, இடப்பெயர்வுக்கு முதல் பிறந்தவனுக்கு வயது கூட. பிறகு பிறந்தவன் விளையாடலாம்.

நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு மொட்டை அடிப்பதாக நேர்ந்தேன். என் தலையில் அதற்கென்று பெரிதாக மிச்சம் ஒன்றும் இல்லை, முருகனுக்கு நட்டம்தான். குருநகர்ப் பெடியன் என்றதால் அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன். பயிற்சியில் அன்ரனின் மீசையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். "என்ன சேர்?" என்றான். "ஒண்டுமில்லை, வளருது," என்றேன்.

இன்னொண்டு மாஸ்ரர் ஒரு பின்னேரம் வந்து, "வாரும், தாயைப் பாப்பம்," என்றார். வயது முறைப்பாடுகளுக்கு அவர் கடுதாசிகளை நம்புவதில்லை. தாய்மாரிடம் ஒரு கேள்வி கேட்பார்: பெரிய இடப்பெயர்வுக்குப் போகேக்கை பிள்ளை கையிலையோ, வயித்திலையோ?

"பதிவுக் கந்தோரிலை ஆரும் பொய் சொல்லலாம்," என்றார் வழியில். "அந்த நடையைப் பற்றிப் பொய் சொன்ன தாயை நான் இன்னும் காணேல்லை." பிறகு மோட்டார்சைக்கிளை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். "அங்கை நீர் வாய் திறக்கப்படாது. கண்ணும் காட்டப்படாது."

கண்ணாலே என்ன காட்டுவது? கண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. அதைக் கடல்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த அம்மா முற்றத்தில் பாய் விரித்து றால் காயவிட்டுக்கொண்டிருந்தார். அன்ரன் பயிற்சிக்குப் போயிருந்தான். எனக்குப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று தந்தார். அதற்கு ஒரு கால் வெடிப்பு. இவர் கவிழ்த்துக் கிடந்த மீன்பெட்டியில் இருந்தார். உள்ளே சுவரில் அன்ரன் கிண்ணத்தோடு நிற்கிற படம் தெரிந்தது.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. ஒரு கேள்விதான்." கேட்டார். "கையிலையோ, வயித்திலையோ?"

அந்த அம்மா கையிலிருந்த றாலைப் பாயில் போட்டார்.

"கையிலை," என்றார்.

முடிந்தது. கதிரை ஆடியதா நான் ஆடினேனா தெரியாது. என் கண்முன்னே அடுத்த வருட இடமாற்றப் பட்டியல் வந்தது. நெடுந்தீவு. கிழமைக்குக் கிழமை படகு. படகில் நான் சத்தியெடுக்கிறேன், கரையில் அதிபர் கைகாட்டுகிறார். மற்ற எந்த விசாரணைக்காரரும் அத்தோடு எழும்பியிருப்பார்கள். பதில் கிடைத்தாகிவிட்டது, பொய்யுமில்லை.

இவர் தலையாட்டினார். "நல்லது." எழும்பவில்லை. "இன்னொண்டு கேக்கிறன், தங்கச்சி."

செத்த பாம்பை ஏன் ஐயா அடிக்கிறீர்கள் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"கையிலை கொண்டுபோன பிள்ளையை எங்கை இறக்கினனீங்கள்?"

அந்த அம்மா பாயில் வந்து இருந்த காகத்தைக்கூடக் கலைக்கவில்லை. நான் கதிரையின் நல்ல பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கிளிநொச்சிக்கு அங்காலை," என்றார் கடைசியில். "ஒரு பாலைமரத்துக்குக் கீழை இருந்தனாங்கள். மழை. பிள்ளைக்குக் காய்ச்சல். கிட்டடியிலை கோயிலுமில்லை, சவக்காலையுமில்லை. என்ரை அவர்தான் குழி கிண்டினவர்."

"அப்ப இவன்?"

"அடுத்த வருசம் பிறந்தவன். அதே பேர்தான் வைச்சம். முதல் பெடியன் பிறந்தால் அந்தோனியாரின்ரை பேர் எண்டு நேந்தது ஐயா. பிள்ளை போயிட்டுது எண்டு நேத்தி போகுமோ?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஊருக்குத் திரும்பி வரேக்கை ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. அன்ரன் வளந்திட்டான் எண்டிச்சினம். நாங்களும் ஓம் எண்டு விட்டிட்டம்."

"அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. கடலுக்குப் போற பிள்ளை, செத்தவன்ரை பேரைக் கொண்டு திரியிறன் எண்டு மனதிலை விழுந்திடும் எண்டு மாமி சொல்ல விடேல்லை. பேந்து மாமியும் செத்துப்போனா. நான்தான் சொல்லோணும். சொல்லுவன். ஆனால் உந்த விளையாட்டுக்காரர் வந்து சொல்லி அவன் அறியப்படாது ஐயா."

திரும்பி வரும்போது எனக்குத் துள்ள வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் இருந்தது. மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து இரண்டையும் செய்ய ஏலாது. "சேர், எப்பிடி அந்தக் கேள்வி வந்தது?" என்று கேட்டேன்.

"‘கையிலை’ எண்டு சொல்லேக்கை அவ சுவரிலை இருக்கிற பெடியன்ரை படத்தைப் பாக்கேல்லை," என்றார். "தன்ரை கையைப் பாத்தவ."

சங்கக் கூட்டத்துக்கு நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். வெற்றி நிச்சயம். இவர் எழும்பி உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். இவர் எழும்பினார். "விசாரிச்சனான். கோலிக்கு வயது கூடேல்லை. விளையாடலாம்." அத்தோடு இருந்துவிட்டார்.

முழுப் பக்கத்துக்குக் காரணம் சொல்லிப் பழகிய மனிதர். எல்லோரும் இன்னும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

எதிர்க் கல்லூரியின் பொறுப்பாசிரியர் எழும்பினார். கெட்டவர் இல்லை, என் இடத்தில் அவர் இருந்தால் நானும் எழும்பியிருப்பேன். "அப்ப எங்கடை சாட்சி சொன்னது பொய்யோ சேர்?"

"பொய் இல்லை. அவர் பிள்ளையைத் தூக்கினது உண்மை."

"பிள்ளையின்ரை பேர் அன்ரன் எண்டது?"

"அதுவும் உண்மை."

"தாயும் அப்பிடித்தான் சொன்னவவோ?"

"ஓம்."

கூட்டம் இரைந்தது. என் புதுச் சேட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் வாயைத் திறந்தேன். ஒரு வசனம் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். ஒல்லி மனிதருக்கு அந்தப் பாரம் எங்கிருந்து வந்ததோ! திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் நான் கொட்டாவி விட்டேன். தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நெடுந்தீவு திரும்பவும் தெரிந்தது.

"இன்னொண்டு கேக்கலாமோ மாஸ்ரர்?" என்று பின்வரிசையில் ஒருவர் நக்கலாகக் கேட்க, சிரிப்பு எழும்பியது.

"கேக்கலாம்," என்றார் இவர். "நான் சொல்லமாட்டன்."

சிரிப்பு நின்றது. தலைவர் குரலைத் தாழ்த்தினார். "சேர், நீங்கள் இவ்வளவு காலமும் மற்றாக்களிட்டைக் காரணம் கேட்டனீங்கள். இப்ப நாங்கள் கேட்டால் சொல்லமாட்டன் எண்டுறியள். விதிப்படி விசாரிச்சவர் சொன்ன முடிவை நாங்கள் மாத்தேலாது. பெடியன் விளையாடட்டும். ஆனால் விசாரணை போதாது எண்டு நாங்கள் பதியவேண்டி வரும். பேந்து உங்களை ஒரு விசாரணைக்கும் கூப்பிடேலாது."

சூடான றோல்ஸுக்கு முன்னால் பல வருடங்கள் கண்ணை மூடியிருந்த மனிதர்கள் அந்த மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஒருவரின் விசாரணையையும் போதாது என்று அந்தச் சங்கம் அதுவரை பதிந்ததில்லை. முதன்முதலாகப் பதிந்தது இதைத்தான்.

"எழுதுங்கோ," என்றார் இவர்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "ஒரு வசனம் சேர்! ஒரேயொரு வசனம்!"

"உந்த மேசையிலை சொன்னால் பொழுதுபட முதல் குருநகர்க் கரைக்குப் போயிடும்," என்றார். "தாய் சொல்ல வேண்டியதைத் தேத்தண்ணிக் கடையிலை சொல்லுவாங்கள். விசாரிக்கிறது பிழை இருக்கோ இல்லையோ எண்டு அறியத்தானே. அறிஞ்சாச்சு. மிச்சம் அவேன்ரை வீட்டுச் சாமான்." மோட்டார்சைக்கிளை உதைத்து முடுக்கினார். "புதுச் சேட்டோ? நல்ல நிறம்."

இதெல்லாவற்றையும் இப்போது எழுதலாமா என்று அன்ரனிடமே கேட்டேன். தாய் எப்போதோ அவனுக்குச் சொல்லிவிட்டார். கிளிநொச்சிக்கு அங்கால் அந்த மரத்தைத் தேடி இரண்டு பேரும் போய் வந்தார்களாம். மரம் இல்லை; நிலத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்களாம். "எழுதுங்கோ சேர்," என்றான். "ஆனால் அந்தக் கோலை மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

எழுதத்தான் போகிறேன்.

இறுதிப் போட்டி. இன்னொண்டு மாஸ்ரருக்குச் சங்கத்தின் கூடாரத்தில் கதிரை இல்லை. வெயிலில் வேலியோரம் சனத்தோடு நின்றார். நானும் நகம் கடிக்க ஆள் துணை தேடி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் "தாத்தா! தாத்தா!" என்று அன்ரனைக் கூவினார்கள். அவன் அசையவில்லை. வந்த பந்தெல்லாம் அவன் கைக்குள் போய் அடங்கியது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் மைதானத்து ஒலிபெருக்கியில் கேட்பது போலிருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார். அதுவரை மகனின் ஆட்டம் ஒன்றும் பார்த்ததில்லை. கோலுக்குப் பக்கத்தில், எங்கே நிற்பதென்று தெரியாமல், கையில் ஒரு பனையோலை உமல் பையோடு நின்றார். சந்தையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும்.

அன்ரன் கண்டுவிட்டான். "அம்மா!" என்று கையை உயர்த்திக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் எங்கிருந்தோ பந்தைத் தட்டிவிட்டான். தேங்காய் உருண்டால்கூட அதைவிட வேகமாக உருளும். அது ஆறுதலாக வந்து, வழியில் யாரும் இல்லாததைப் பார்த்து, அன்ரனின் இரண்டு காலுக்கும் நடுவால் உள்ளே போய்ப் படுத்தது.

எதிர்ப்பக்கம் வெடி கொளுத்தினார்கள். அதிபர் தலையில் கைவைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். பெடியனின் கை இன்னும் மேலேதான் நின்றது. அந்த அம்மாவும் நடந்தது விளங்காமல் திருப்பிக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொண்டு மாஸ்ரர் வேலிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"மாஸ்ரர், இனி ஆரும் காரணம் கேட்டால் உதைச் சொல்லும். வயது கூடினவன் உந்தப் பந்தை விடுவானோ?"